செஞ்சி நாட்டு உண்டியும் உழைப்பும்: நெடுநாள் உடல்நலம் பற்றிய ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

செஞ்சிக் கோட்டையைக் காணச் செல்வோர் இராசகிரியின் அடிவாரப் பகுதியில் இருவகைப் பழங்கட்டடங்களைக் காண்பர். ஒருவகை, வளைந்த கூரையும் தடித்த சுவர்களும் உடைய களஞ்சியங்கள். மற்றொன்று, உடற்பயிற்சிக் கூடம் என வழங்கப்பெறுவது. பெரும்பாலோர் இவற்றைச் சிறிது போழ்து நோக்கிவிட்டுக் கலியாண மகாலையும் மலையுச்சியையும் நாடிச் சென்றுவிடுவர். கோட்டையின் வரலாற்றை எழுதினோரும் முற்றுகைகளையும் அரசர்களையும் பற்றி விரித்த அளவிற்கு இக்களஞ்சியங்களைப் பற்றி விரித்திலர். 2025-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், மராட்டியர் படைத்துறை நிலக்காட்சிகள் என்னும் தொகுதியில் அடங்கிய பன்னிரு கோட்டைகளுள் ஒன்றாகச் செஞ்சி உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது. அப்பன்னிரண்டனுள் தமிழகத்தைச் சார்ந்தது இஃது ஒன்றேயாகும்.

யாம் ஈண்டு ஆராயப் புகுவது படை வரலாறன்று. செஞ்சியும் அதனைச் சூழ்ந்த நாடும் தொன்றுதொட்டு எதனை உண்டன, எங்ஙனம் உழைத்தன, அவ்விரண்டும் இன்று எங்ஙனம் மாறின, அம்மாற்றம் மக்களின் நெடுநாள் உடல்நலத்தை எவ்வாறு தாக்குகின்றது என்பனவே இக்கட்டுரையின் பொருள். களஞ்சியம் உண்டிக்கும், பயிற்சிக்கூடம் உழைப்பிற்கும் அடையாளமாய் நிற்றலின், அவற்றிலிருந்தே தொடங்கினோம். இது மருத்துவத்துறைக்கு உரிய பொருளன்றோ, தமிழாய்வுக்கு இதனுள் என்ன இடம் எனச் சிலர் வினவக் கூடும். அதற்கு விடை கட்டுரையின் போக்கில் விளங்கும்.

2. வள்ளுவரும் பரிமேலழகரும்

திருக்குறளின் 95-ஆம் அதிகாரம் மருந்து என்னும் பெயருடையது. அதன் பத்துப் பாக்களுள் முதலாவது நோயின் காரணத்தைக் கூறும். இறுதி மூன்றும் மருத்துவனையும் மருத்துவ முறையையும் கூறும். இடைப்பட்ட ஆறும் உணவு பற்றியனவே. மருந்து எனத் தலைப்பிட்டு, அதனுள் பாதிக்கு மேற்பட்ட இடத்தை உண்ணும் முறைக்கு ஒதுக்கிய இவ்வமைப்பே ஒரு கொள்கையை உணர்த்துகின்றது. நோய் வந்தபின் தேடும் மருந்தினும், வாராமற் காக்கும் உணவொழுங்கே முந்தியது என்பது அக்கொள்கை.

முதற்பாவிற்குப் பரிமேலழகர் வரைந்த உரை கூர்ந்து நோக்கற்பாலது. மிகுதலும் குறைதலும் நோய் செய்யும் என்ற இடத்து, மிகுவதும் குறைவதும் யாவை என்னும் வினா எழுகின்றது. அதற்கு அவர் உணவையும் செயலையும் ஒருங்கே எழுவாயாக வருவித்து உரை கூறுகின்றார். உணவு பொருந்துதல் என்பது சுவையாலும் ஆற்றலாலும் அளவாலும் பொருந்துதல் எனவும், செயல் பொருந்துதல் என்பது மனமும் மொழியும் மெய்யும் வருந்துவதற்கு முன்னரே தொழிலை நிறுத்துதல் எனவும் விளக்குகின்றார். உண்டியை மட்டும் கூறி அமையாது உழைப்பையும் உடன் வைத்தது அவர்தம் நுண்மையைக் காட்டும்.

ஆயின் ஒன்று கருதத்தக்கது. அவர் காலத்தில் செயலைப் பற்றிய அச்சம் மிகுதி பற்றியதே. தொழில் மிக்கு உடல் நொந்துவிடுமோ என்பதே கவலை. உணவைப் பற்றியோ, மிக்கு உண்ணல் செல்வர்க்கும் குறைவுபடல் ஏழையர்க்கும் உரிய இடராய் இருந்தது. இன்று இவ்விரண்டும் இடம் மாறி நிற்கின்றன. உழைப்புக் குறைந்தது, உணவு, அதனுள்ளும் ஒருவகை உணவு, மிகுந்தது. இம்மாற்றம் செஞ்சி நாட்டில் எங்ஙனம் நேர்ந்தது என்பதை இனி முறையே காண்போம்.

3. சங்க நூல்கள் காட்டும் உணவு

செஞ்சிக்குக் கிழக்கே, இன்றைய திண்டிவனத்தைச் சூழ்ந்த பகுதி, பண்டு ஓய்மானாடு எனப்பட்டது. அந்நாட்டுத் தலைவன் நல்லியக்கோடன்மேற் பாடப்பட்டது சிறுபாணாற்றுப்படை. அவனுடைய கிடங்கில் என்னும் ஊர் இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதியாய் உள்ளது. செஞ்சிக்கு மேற்கே செங்கத்தைத் தலைநகராகக் கொண்ட பல்குன்றக் கோட்டத்தின் தலைவன் நன்னன்மேற் பாடப்பட்டது மலைபடுகடாம். ஆகவே இவ்விரு நூல்களும் கூறும் நிலங்களுக்கு இடையே அமைந்தது செஞ்சி. இவ்வட்டாரத்தின் பழைய உணவை அறிய இவற்றினும் அணிய சான்று நமக்கு வேறு இல்லை.

சிறுபாணாற்றுப்படை வழிதோறும் கிடைக்கும் உணவை நிலத்திற்கேற்ப வேறுபடுத்திக் கூறுகின்றது. கடற்கரை ஊராகிய எயிற்பட்டினத்தில் சுட்ட உலர்மீன். வேலூரில் எயிற்றியர் ஆக்கிய புளிச்சோறும் ஆமான் இறைச்சியும். மருதநிலத்து ஆமூரில் உலக்கையாற் குற்றிய அரிசிச் சோறும் நண்டுக் கலவையும். மலைபடுகடாம் மூங்கிலரிசியும் மேட்டுநில நெல்லும் அவரையும் புளியும் கலந்த கூழைக் குறிக்கின்றது. இவற்றால் மூன்று செய்திகள் பெறப்படும். நிலத்திற்கு நிலம் உணவு வேறுபட்டது. தவசத்தோடு மீனோ இறைச்சியோ அவரை போன்ற பயறோ சேர்ந்தே உண்ணப்பட்டது. அரிசி கையாற் குற்றப்பட்டது. குற்றும் தொழில் அரிசியின் தவிட்டை ஓரளவு எஞ்சவிட்டது; குற்றுவாரின் உடலுக்கும் உழைப்பாயிற்று.

எனினும் பழமையை முற்றும் பொற்காலமாகக் கருதுதல் ஆராய்ச்சிக்கு ஒவ்வாது. அதே சிறுபாணாற்றுப்படை, பாணன் வீட்டு அடுக்களையையும் காட்டுகின்றது. குப்பையில் முளைத்த கீரையைக் கொய்து, உப்பும் இன்றி வேகவைத்து, பிறர் கண்டு பழியாவண்ணம் கதவை அடைத்து, சுற்றத்தோடு உண்ணும் வறுமை அங்கே பேசப்படுகின்றது. நல்லியக்கோடன் மனையிலோ வீமன் இயற்றிய மடைநூலின் நெறி பிறழாது சமைத்த பல்வகை அடிசில். ஒரே நூலில் இவ்விரு அடுக்களைகளும் இருத்தலை நாம் மறத்தலாகாது. பல்வகை உணவு நாட்டில் இருந்தது. அஃது எல்லார்க்கும் எந்நாளும் கிட்டியதன்று.

4. உண்ணாமையும் ஒரு நெறி

செஞ்சிக்கு அணித்தே சிங்கவரத்தை அடுத்துத் திருநாதர்குன்று என்னும் சிறுமலை உள்ளது. அங்கு இருபத்துநான்கு தீர்த்தங்கரர் உருவங்கள் பாறையிற் செதுக்கப்பட்டுள்ளன. அதன் கல்வெட்டு ஒன்று, சந்திரநந்தி என்னும் ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர் நீத்த இடம் அது எனத் தெரிவிக்கின்றது. தமிழ் எழுத்து வளர்ச்சியை ஆராய்வோர்க்கு இக்கல்வெட்டு இன்றியமையாதது. வட்டெழுத்து உருவாகிவந்த காலத்தைச் சார்ந்தது அது. உணவை ஆராயும் எமக்கு அது வேறொரு வகையில் பயன்படுகின்றது. உண்டியை அடக்குதல் வாழ்வின் உயர்ந்த ஒழுக்கமாகக் கருதப்பட்ட ஒரு மரபு இம்மண்ணில் ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக வேரூன்றியுள்ளது என்பதே அது.

அம்மரபு இன்றும் அழிந்திலது. செஞ்சிக்கு அண்மையிலுள்ள மேல்சித்தாமூர் தமிழ்ச் சமணரின் மடம் அமைந்த ஊர். செஞ்சி, வந்தவாசிப் பகுதிகளில் தமிழ்ச் சமணர் இன்றும் வாழ்கின்றனர். புலால் உண்ணாமையும், கதிரவன் மறைந்தபின் உண்ணாமையும் அவர்தம் அறங்களுள் அடங்கும். உயிர்க்கொலை அஞ்சி எழுந்தது இரவுண்ணாமை. உடல்நலம் கருதி எழுந்ததன்று. இவ்வேறுபாட்டை மயக்குதல் கூடாது. ஆயினும், இரவு நெடுநேரம் கழித்து மிக உண்டு உடனே உறங்கும் பழக்கம் பெருகிய இந்நாளில், உண்ணும் பொழுதை முற்படுத்தி இரவில் வயிற்றுக்கு ஓய்வு அளித்தல் இன்சுலினின் செயற்பாட்டிற்கு உதவுமோ என அறிவியலார் ஆராய்ந்து வருகின்றனர். சிறு அளவில் நிகழ்ந்த சில ஆய்வுகள் நற்பயனைக் காட்டியுள்ளன. பெரிய அளவில் உறுதிப்படுதல் இன்னும் வேண்டும்.

5. களஞ்சியமும் பசியும்

மலைக்கோட்டைக்கு மதிலினும் இன்றியமையாதவை நீரும் தவசமும். செஞ்சியின் அடிவாரத்திலும் இராசகிரி உச்சியிலும் கிருட்டிணகிரியிலும் களஞ்சியங்கள் அமைந்திருத்தல் இதனாலேயே. 1690-இல் முகலாயப் படைத்தலைவன் சுல்பிகர்கான் தொடங்கிய முற்றுகை 1698 வரை நீடித்தது. அம்முற்றுகையில் பசி கோட்டையின் உள்ளிருந்தாரை மட்டும் வருத்தவில்லை. 1692-இன் இறுதியில் மராட்டியப் படைகள் உணவு வரும் வழிகளை அடைத்தமையால் முற்றுகையிட்டவரே பட்டினியுற்று, 1693-இன் தொடக்கத்தில் வந்தவாசிக்குப் பின்வாங்கினர். களஞ்சியம் நிறைந்தவன் வெல்வான் என்பது அன்றைய நிலை.

குடிமக்களின் பசியோ முற்றுகையோடு முடிந்ததன்று. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வருத்திய பெரும்பஞ்சத்தில், துயர்தணிப்பு வேலை செய்த ஆடவனுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு தவசமும் ஓர் அணாவும் போதும் என ரிச்சர்டு டெம்பிள் வரையறுத்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிசு, உழைக்கும் உடலுக்கு இவ்வளவு போதாது எனவும், தவசத்தோடு பயறும் வேண்டும் எனவும் வாதிட்டார். எவ்வளவு உண்டால் ஓர் உடல் எவ்வளவு உழைக்கலாம் என்னும் வினா நம் நாட்டில் ஏட்டளவில் எழுந்ததன்று. பல இலட்சம் உயிர்களை வைத்து எழுந்தது.

பசியின் தாக்கம் பசித்தவரோடு முடிவதில்லை என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி செர்மானியரால் உணவின்றி அடைக்கப்பட்டபோது தாய்வயிற்றில் இருந்த குழந்தைகளைப் பல்லாண்டு கழித்து ஆராய்ந்தனர். நடுவயதில் அவர்களிடம் குருதிச் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்திருந்தது. கருவிற் பசித்த உடல், கிடைப்பதைச் சேமிக்கக் கற்றுக்கொள்கின்றது. பின்னர் உணவு மிகும்போது அச்சேமிப்பே இடராகின்றது என விளக்குவர். பூனாவில் நிகழ்ந்த ஆய்வுகளில், இந்தியக் குழந்தைகள் எடை குறைந்து பிறந்தும் உடற்கொழுப்பு ஒப்புநோக்க மிகுதியாய் உடையன எனக் கண்டனர். பஞ்சங்களைத் தாண்டிவந்த வழியினராகிய நமக்கு, உணவு மிகுதி பிறர்க்கினும் விரைந்து தீங்கு செய்தல் இதனால் ஓரளவு விளங்கும்.

6. மாற்றத்தின் வரலாறு

செஞ்சி நாடு பெரிதும் ஏரிப்பாசனத்தையும் மானாவாரியையும் நம்பிய நாடு. நன்செயில் நெல்லும், புன்செயில் கேழ்வரகு, கம்பு, தினை, சாமை, வரகு, துவரை, மொச்சை, காராமணி ஆகியனவும் விளைந்தன. உழவர் குடிகளின் நாட்சோறு கேழ்வரகுக் களியோ கம்பங்கூழோ ஆயிருந்தது. நெற்சோறு விழாநாளுக்கும் விருந்துக்கும் உரியதாயிருந்தது. கூழுக்குத் துணையாகக் கீரை, பயறு, கருவாடு, மிளகாய், வெங்காயம் ஆகியன அமைந்தன.

இம்முறையில் முதற்பெரு மாற்றம் வேர்க்கடலையால் நிகழ்ந்தது. தென்னமெரிக்காவில் தோன்றிய இப்பயிர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டில் பெருகிப் புதுச்சேரி வழியாக ஏற்றுமதியாயிற்று. இதனை இவ்வட்டாரத்தார் மல்லாட்டை என்பர். மணிலாக் கொட்டை என்னும் தொடரின் திரிபு அது. ஆகவே பயிர் வெளியிலிருந்து வந்தது என்பதற்குச் சொல்லே சான்றாகின்றது. திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் அவ்வூரின் பெயர்க் குறுக்கத்தோடு பல வகைகளை வெளியிட்டது. உண்பதற்கு விளைத்த புன்செயில் விற்பதற்கு விளைத்தல் இங்ஙனம் வலுப்பெற்றது. பின்னர்ப் பம்புசெட்டு பரவக் கிணற்றுப் பாசனம் பெருகி, நெல்லும் கரும்பும் புன்செயில் ஏறின. இன்று செஞ்சியின் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் நெல் வரத்திற்குப் பெயர்பெற்றது.

இரண்டாவது மாற்றம் ஆலையால் நேர்ந்தது. உலக்கை ஒழிந்து அரிசி ஆலைகள் வந்தபோது தவிடு முற்றும் நீங்கிய அரிசி எளிதிற் கிடைத்தது. தீட்டிய அரிசியை மட்டும் நம்பி வாழ்வோர்க்கு பெரிபெரி என்னும் நரம்புநோய் வருதலைச் சாவகத்தில் எய்க்குமன் 1890-களிலேயே கண்டார். நம் நாட்டில் குன்னூரில் இராபர்ட்டு மக்காரிசன் தொடங்கிய ஆய்வுக்கூடம் இப்பொருளை ஆராய்ந்தது. அதுவே பின்னர் ஐதராபாத்திற்கு மாற்றப்பட்டுத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. மக்காரிசன் இந்தியாவின் பல வட்டார உணவுகளை எலிகளுக்கு அளித்துப் பார்த்தார். கோதுமை, பால், பயறு, காய்கறி கலந்த வடமேற்கு உணவை உண்டவை நன்கு வளர்ந்தன. பாலும் பயறும் குறைந்த அரிசியுணவை உண்டவை நலிந்தன. புழுங்கலரிசி உண்ணும் வழக்கம் தமிழரைப் பெரிபெரியிலிருந்து பெரிதும் காத்தது. நெல்லை அவிக்கும்போது தவிட்டின் உயிர்ச்சத்து அரிசியினுள் ஊடுருவுதலே அதற்குக் காரணம்.

மூன்றாவது மாற்றம் பங்கீட்டால் நேர்ந்தது. தமிழகத்தில் பொது வழங்கல் முறை எல்லார்க்கும் உரியது. 2011 சூன் முதல் அரிசி அட்டை உடையோர்க்கு அரிசி விலையின்றி வழங்கப்படுகின்றது. இதனைக் குறைகூறுதல் எம் கருத்தன்று. பாணன் அடுக்களைக் கதவை அடைத்துக் கொண்ட நாட்டில், அவன் வழியினர் கதவைத் திறந்து வைத்து உண்ணும் நிலையைத் தந்தது இவ்வரிசி. ஆயினும் அரிசி விலையின்றியும் பயறும் காயும் பழமும் முட்டையும் விலையேறியும் இருக்கும்போது, தட்டில் எது நிறையும் என்பது சொல்லாமலே விளங்கும். களஞ்சியத்தில் எது உள்ளதோ அதுவே உடலாகின்றது.

நான்காவது மாற்றம் உழைப்பைப் பற்றியது. ஏற்றம் இறைத்தலும், நெற்குற்றலும், திருகையில் அரைத்தலும், நெடுந்தொலைவு நடத்தலும் ஒழிந்தன. உழவு எந்திரமும், அறுவடை எந்திரமும், மாவரைக்கும் எந்திரமும், இருசக்கர வண்டியும் வந்தன. இவை மக்களை, குறிப்பாகப் பெண்டிரை, கொடிய உழைப்பிலிருந்து விடுவித்தன. மீண்டும் உலக்கை தூக்குக என்று எவரும் கூறார், கூறுதலும் அறமன்று. ஆயின் உழைப்பு நீங்கிய உடல் முன்னைய அளவே உண்டால் என்னாகும் என்பதே வினா.

7. உடலினுள் நிகழ்வது

சோறாயினும் களியாயினும் அதன் பெரும்பகுதி மாப்பொருள். அது செரித்துக் குருதியிற் சர்க்கரையாகக் கலக்கின்றது. கணையத்தில் சுரக்கும் இன்சுலின், அச்சர்க்கரையைத் தசை, கல்லீரல் முதலிய உறுப்புகளிற் சேர்க்கின்றது. தசையே உடலின் பெருங்களஞ்சியம் எனலாம். உழைப்பவன் தசை நாடோறும் வெறுமையாகி மீண்டும் நிறைகின்றது. உழையாதவன் தசையோ நிறைந்தபடியே கிடக்கின்றது. புதிதாக வரும் சர்க்கரைக்கு அங்கு இடம் இன்மையால் கல்லீரல் அதனைக் கொழுப்பாக மாற்றுகின்றது. அக்கொழுப்பு வயிற்றிலும் கல்லீரலிலும் படிகின்றது. நாளடைவில் இன்சுலின் சொற்படி உறுப்புகள் நடவா. கணையம் மேலும் மேலும் சுரந்து இளைக்கின்றது. இவ்விளைப்பு முற்றியபோதே குருதிச் சர்க்கரை வெளிப்பட உயர்ந்து, நீரிழிவு எனப் பெயர் பெறுகின்றது.

இது பல ஆண்டுகளில் நிகழ்வது. அதுகாறும் வலியோ வேறு அறிகுறியோ பெரும்பாலும் தோன்றாது. இம்மறைவே இந்நோயின் கொடுமை. அறிந்தபோது கண்ணின் நுண்குழாய்களும், சிறுநீரகமும், காலின் நரம்பும், நெஞ்சின் குழாய்களும் சிதையத் தொடங்கியிருத்தல் உண்டு. குருதி அழுத்தமும் இத்தகையதே. உலகச் சுகாதார நிறுவனம் நாள் ஒன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவான உப்பே தக்கது என்கின்றது. வெயிலில் வியர்த்து உழைத்தவன் கூழோடு உண்ட ஊறுகாயும் கருவாடும், நிழலில் அமர்ந்திருப்பவன் தட்டிலும் அவ்வளவே இருத்தல் பொருந்தாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடளாவிய நீரிழிவு ஆய்வு 2023-இல் வெளியாயிற்று. 1,13,043 பேரை ஆராய்ந்த அவ்வாய்வின்படி, இந்தியாவில் நீரிழிவு உடையோர் 10 கோடியே 10 இலட்சம். வயதுவந்தோருள் நூற்றுக்கு 11.4 பேர். தமிழகத்தில் இவ்வளவு நூற்றுக்கு 14.4. குருதி அழுத்தம் உடையோர் நாட்டளவில் நூற்றுக்கு 35.5 பேர். 2025-இல் அதே ஆய்வின் உணவுப்பகுதி வெளிவந்தது. இந்தியர் உண்ணும் ஆற்றலில் ஏறத்தாழ நூற்றுக்கு 62 பங்கு மாப்பொருளிலிருந்தே வருகின்றது என அது காட்டியது.

8. மாற்றத்தக்கதா?

வந்தது ஊழ், அல்லது பரம்பரை என்று அமைதல் நம்மிடையே உள்ள ஒரு வழக்கம். பரம்பரைக்கு இடம் உண்டு. ஆயின் அது முடிந்த முடிபன்று எனப் பல ஆய்வுகள் நிறுவியுள்ளன. இலண்டன் மாநகரப் பேருந்துகளில் ஓட்டுநரையும் நடத்துநரையும் செரமி மாரிசு ஒப்பிட்டு 1953-இல் வெளியிட்டார். ஒரே நிறுவனம், ஒத்த வாழ்க்கை; எனினும் நாள் முழுதும் மாடிப்படி ஏறி இறங்கிய நடத்துநரினும் அமர்ந்தே இருந்த ஓட்டுநர்க்கு நெஞ்சடைப்பு மிகுதியாக நேர்ந்தது. இராசகிரிப் படிகளை நாடோறும் ஏறி இறங்கிய கோட்டைக் காவலரை இங்கு நினைவுகூர்தல் தகும்.

சீன நாட்டுத் தாச்சிங் நகரில் 1986-இல் தொடங்கிய ஆய்வில், நீரிழிவின் வாயிலில் நின்ற 577 பேர் ஈடுபடுத்தப்பட்டனர். ஆறாண்டு உணவையும் உடலுழைப்பையும் திருத்திக்கொண்ட பிரிவினர்க்கு, முப்பதாண்டு கழித்து நோக்கியபோது, நோய் ஏறத்தாழ நான்கு ஆண்டு பிந்தியே வந்திருந்தது; வாழ்நாளும் சற்றேறக்குறைய ஒன்றரை ஆண்டு நீண்டிருந்தது. தமிழகத்திலேயே சென்னையில் இராமச்சந்திரன் குழுவினர் 531 பேரிடம் நிகழ்த்திய ஆய்வு 2006-இல் வெளியாயிற்று. திருத்தம் ஏதும் இன்றி விடப்பட்டோருள் மூன்றாண்டில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவு அடைந்தனர்; உணவையும் நடையையும் திருத்தியோருள் அவ்வளவு 39.3. திருத்தத்தோடு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது பயன் அதனினும் மிகவில்லை. மருந்து எனத் தலைப்பிட்டு உணவைப் பேசிய நூலின் உள்ளம் இங்கு எண்களாற் புலனாகின்றது.

புகைபிடித்தல் பற்றிய சான்றும் இத்தகையதே. பிரித்தானிய மருத்துவரை ஐம்பதாண்டு தொடர்ந்து நோக்கிய ரிச்சர்டு டால் குழுவினர் 2004-இல் வெளியிட்ட முடிவின்படி, புகைப்போர் சராசரியாகப் பத்தாண்டு முன்னரே இறக்கின்றனர். முப்பதாம் வயதில் விட்டவர் அப்பத்தாண்டையும், நாற்பதில் விட்டவர் ஒன்பதையும், ஐம்பதில் விட்டவர் ஆறையும், அறுபதில் விட்டவர் மூன்றையும் மீட்கின்றனர். விடுவதற்குக் காலம் கடந்துவிட்டது என்று எவரும் கருதவேண்டுவதில்லை.

9. இரு தடைகளும் விடைகளும்

பழைய கேழ்வரகுக்கும் கம்பிற்கும் மீண்டுவிட்டால் நோய் நீங்கும் என்பார் உளர். 2023-ஆம் ஆண்டு பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டபின் இக்கருத்து மேலும் வலுப்பெற்றது. கேழ்வரகில் சுண்ணச்சத்தும் நார்ப்பொருளும் மிகுதி என்பது மெய். ஆயின் அதுவும் மாப்பொருளே. நுண்ணிதாக அரைத்து நீராளமாகக் காய்ச்சிய கஞ்சி விரைவிற் சர்க்கரையாகின்றது. மேற்கூறிய 2025 ஆய்வு, மாப்பொருளின் மொத்த அளவைக் குறையாது, அரிசிக்கு மாற்றாகச் சிறுதானிய மாவையோ கோதுமை மாவையோ வைப்பதனால் மட்டும் நீரிழிவின் இடர் குறைதல் காணப்படவில்லை எனவும், மாப்பொருளில் ஒரு சிறு பங்கைப் பயறு, பால் முதலியவற்றின் புரதத்தால் மாற்றியவிடத்துக் குறைந்தது எனவும் கூறுகின்றது. மலைபடுகடாம் காட்டும் கூழில் அவரை கலந்திருந்தமை ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. தவசத்தின் பெயரை மாற்றுதலினும், தட்டின் பங்கீட்டை மாற்றுதலே தலையாயது.

உணவும் பழக்கமும் தனிமனிதன் விருப்பத்தைப் பொறுத்தன. நோயுற்றால் அவனே பொறுப்பு என்பார் பிறிதொரு சாரார். இஃது அரையுண்மை. செஞ்சியை அடுத்த ஒரு சிற்றூரில், அரசின் ஊரக வேலைத்திட்டத்தையும் கூலியையும் நம்பி வாழும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அரிசி விலையின்றி வருகின்றது. பயறும் காயும் சந்தையில் விலையேறியவை. இனிப்பும் உப்பும் எண்ணெயும் நிறைந்த சிறு பொட்டலங்கள் ஐந்து உரூபாய்க்கும் பத்து உரூபாய்க்கும் எல்லாக் கடைகளிலும் தொங்குகின்றன. இங்குத் தேர்வு உண்டு. ஆயின் தேர்வின் எல்லையைக் களஞ்சியமும் சந்தையுமே வகுக்கின்றன. நல்லியக்கோடனும் பாணனும் ஒரே நாட்டில் வெவ்வேறு உணவை உண்டது அவரவர் விருப்பத்தால் அன்று என்பதை மேலே கண்டோம்.

எனவே பொறுப்பு இருவகைப்படும். அளவறிந்து உண்டலும், நாடோறும் நடத்தலும், புகையையும் மதுவையும் விலக்கலும், முப்பது வயது கடந்தோர் ஆண்டுதோறும் குருதிச் சர்க்கரையும் அழுத்தமும் ஆய்ந்து பார்த்தலும் தனிமனிதன் பால. பயறும் சிறுதானியமும் எளிய விலையில் கிட்டச் செய்தலும், நோயை முற்படக் காணலும் அரசின் பால. 2021 ஆகத்து 5-ஆம் நாள் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம், சர்க்கரையையும் அழுத்தத்தையும் வீடுதோறும் சென்று ஆய்ந்து மருந்து கொடுப்பது. நோய்வந்தோரைக் காக்கும் இப்பணியோடு வாராமற் காக்கும் பணியும் ஒத்து வளர்தல் வேண்டும்.

10. முடிபும் மேற்செய்ய வேண்டுவனவும்

இதுகாறும் கூறியவற்றால், செஞ்சி நாட்டின் உணவு பன்மையிலிருந்து ஒருமைக்கும், உழைப்பு மிகுதியிலிருந்து குறைவுக்கும் மாறியமை பெறப்படும். பசி நீங்கியது பெரும்பேறு. அப்பேற்றின் நிழலாக நெடுநாள் நோய்கள் வந்தன. மிகுதலும் குறைதலும் நோய் என்ற பழைய கொள்கை இன்றும் பொருந்துகின்றது. மிகுவதும் குறைவதும் எவை என்பதே மாறியது.

தமிழாய்வுக்கு இதனுள் என்ன இடம் என்னும் தொடக்க வினாவிற்கு இனி விடை கூறலாம். இம்மாற்றத்தின் முழு வரலாறு மருத்துவ ஏடுகளில் இல்லை. இலக்கியத்திலும், கல்வெட்டிலும், முதியோர் நாவிலும் உள்ளது. செஞ்சி வட்டாரத்துச் சிற்றூர்களில் எண்பதைக் கடந்தோர் இன்னும் சிலர் உளர். குதிர், தொம்பை, உலக்கை, திருகை, களி, கூழ், சாமைச்சோறு ஆகியவற்றைக் கையாண்டு வாழ்ந்தவர்கள் அவர்கள். எப்பருவத்தில் எதனை உண்டனர், எதனோடு எதனைச் சேர்த்தனர், எவர் முதலில் உண்டார், எவர் எஞ்சியதை உண்டார் என்பனவற்றை அவர்கள் வாய்மொழியாகவே தொகுத்தல் வேண்டும். முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரிலிருந்து இத்தகைய தொகுப்பு ஒன்றைக் கொணர்வாராயின் ஒரு வட்டார உணவகராதி உருவாகும். சொல் மறையுமுன் இது நிகழ்தல் வேண்டும். அம்முதியோர் மறைந்தபின் எக்களஞ்சியத்திலும் அதனைத் தேடிப் பெறல் இயலாது.

ஆய்வாளராகிய நம்மைப் பற்றியும் ஒன்று கூறி அமைவோம். நாள் முழுதும் ஏட்டின்முன் அமர்ந்திருப்பது நம் தொழில். உழவர்க்கு உழைப்பு அண்மையிற்றான் குறைந்தது. நமக்கோ தொடக்கம் முதலே குறைவு. நோயில்லாது நெடுங்காலம் ஆராய்ந்த ஒருவரின் அறிவு, நூலகத்தில் இல்லாத ஒரு நூலுக்கு நிகர். அது நடுவயதில் நின்றுபோதல் துறைக்கே இழப்பு. ஆதலின் செஞ்சியைக் காணச் செல்லும் மாணவர்கள் களஞ்சியத்தை அளந்து குறித்துக்கொள்வதோடு அமையாது, இராசகிரியின் படிகளையும் ஏறி மீளுமாறு வேண்டுகின்றோம்.